குலசேகரம் புகைப்புரையில் கிடந்த எம்.ஜி. டி.ஏ.

குலசேகரத்துத் தோட்டம் ஒன்றில் கிடந்த, எம்.ஜி. என்ற இங்கிலீஷ் கம்பெனியின் பழைய காரைப் பார்க்கப் போன முதல் நாளே மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். உரிமையாளரின் மாமா, "இது திருவிதாங்கூர் மகாராஜாவுக்க வண்டியாக்கும்" என்றார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணாச்சி, "நெய்யூர் சாமர்வெல் டாக்டர் ஓட்டினதுண்ணு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். பக்கத்து வீட்டுப் பையன் ரேடியேட்டர் மேலிருந்த எண்கோண முத்திரையில் எம், ஜி என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு, "எம்.ஜி.ஆர். காரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய பொருள் எதைக் கண்டாலும் இந்த வழிதான். வெண்கலமாக இருந்தால் அரண்மனை, இங்கிலீஷ் எழுத்து இருந்தால் சாமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன மனிதர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்து வருடக்கணக்கில் வைத்தியம் பார்த்தால், ஊர் அவர் பேரில் நாலு வண்டியைச் சேர்த்துச் சொல்லத்தான் செய்யும்.

நாலாவது கதை காகிதத்தில் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தில் 1940-களின் பின்பகுதியில் ஒரு வருடம் எழுதியிருந்தது. அதை நம்பி வந்த புரோக்கர்கள் எல்லாரும் "எம்.ஜி. டி.சி." என்றே விலை பேசியிருந்தார்கள். டி.சி. என்பது 1945 முதல் 1949 வரை வந்த, போருக்குப் பிந்திய மாடல். அதன் தாத்தா முறையில் வருவது டி.ஏ.; 1936-ல் தொடங்கி 1939-ல் நின்றுபோனது, செய்ததே மூவாயிரத்துச் சொச்சம். தூரத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே ஜாடை. நீண்ட மூக்கு, தனியாக நிற்கும் ஹெட்லைட், கம்பிச் சக்கரம், முதுகில் சப்பையாக ஒட்டிய பெட்ரோல் டேங்க், அதற்கும் பின்னால் ஸ்டெப்னி.

நான் தக்கலைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ரப்பர் ஷீட் ரோலருக்குப் பல்சக்கரம் வெட்டுவது, படகுக்கு ஷாஃப்ட் கடைவது, இதுதான் சோற்று வேலை. பழைய கார் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இந்த வண்டி என் ஞாயிற்றுக்கிழமைகளை மூன்று வருடம் தின்றது. என்ன செய்தோம், எதை வைத்து என்ன முடிவுக்கு வந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயர்களையும் எண்களையும் தரவில்லை.

கிடந்த இடம்

ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற புரையின் ஒரு ஓரத்தில், ஓடு போட்ட சாய்ப்பின் கீழே வண்டி கிடந்தது. முன்பாதி புரைக்குள்ளே, பின்பாதி சாய்ப்புக்கு வெளியே தள்ளி. இரண்டு மழைக்காலமும் பெய்கிற ஊர் இது. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் பின்பக்க மரச்சட்டத்தை வருடக்கணக்காக நனைத்திருந்தது. டேங்குக்குக் கீழே கையை விட்டால் மரம் அவல் மாதிரி உதிர்ந்தது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

முன்பாதி கதையே வேறு. புகைக்கரி படிந்து, தார் பூசியது போல ஒரு கருப்புப் படலம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் அதற்கடியில் தகடு துருவில்லாமல் இருந்தது. கறையானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஷீட்டுக்கு மூட்டிய புகை, கேட்காமலே காரையும் பாடம் பண்ணி வைத்திருக்கிறது.

நான் போவதற்கு முன்னாலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. வேறு ஊரில் ஒரு பட்டறையில் கொடுத்து, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் முன்பகுதியை மணல் அடித்து பிரைமர் பூசி வாங்கியிருந்தார்கள். எஞ்சினையும் இறக்கி, சம்ப் என்கிற அடி எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன். பழைய வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அழுக்கில் பாதி சாட்சி இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, வாட்டர் வாஷ்தான் முதலில் நடக்கிறது.

எந்த வருடத்து வண்டி?

சேஸிஸ் எண் முன்புற நீட்டுச் சட்டத்தின் பக்கவாட்டில் குத்தியிருக்கும். அந்த இடத்தில் இப்போது பிரைமரும் அதற்கு மேல் புட்டியும். தின்னரைத் தொட்டுத் தொட்டு நகத்தால் சுரண்டி, பள்ளத்தில் இருந்ததை ஊசியால் எடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பிரிண்ட் எடுப்போமே அதே மாதிரி தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். முதலில் ஒரு ‘டி’ வந்தது. அடுத்த எழுத்துக்குத்தான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ‘ஏ’ வந்தது.

எம்.ஜி. ஆலை ஆபிங்டன் ஊரில் இருந்தது. அதன் தொலைபேசி எண் 251. அதனால் அவர்கள் ஒவ்வொரு மாடலின் எண் வரிசையையும் ஒன்றிலிருந்து தொடங்காமல் 0251-லிருந்து தொடங்கினார்கள். இந்த விளையாட்டுத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஒரு எழுத்தை நம்பி உட்கார முடியாது. சட்டத்தை மாற்றிப் போடலாம், எண்ணைப் புதிதாகக் குத்தலாம். அதனால் மற்ற உறுப்புகளையும் விசாரித்தோம். எஞ்சினில் ரிவெட் அடித்திருந்த எண்கோணப் பித்தளை வில்லையில் எம்.பி.ஜே.ஜி. என்று தொடங்கும் எண் இருந்தது. டி.ஏ.வுக்குப் போட்ட 1292 சி.சி. எஞ்சினின் முத்திரை அது. டி.சி.யில் வந்தது 1250 சி.சி.யுள்ள எக்ஸ்.பி.ஏ.ஜி. சிலிண்டரை அளந்தோம். குறுக்களவு 63.5 மில்லிமீட்டரை ஒட்டி, பிஸ்டன் ஓட்டம் 102. ஒல்லியான, நீளமான சிலிண்டர். நாலு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 1292 வருகிறது. கிளட்ச் எண்ணெயில் ஊறி ஓடுகிற தக்கை கிளட்ச், டி.சி.யில் காய்ந்த பிளேட். ஸ்பிரிங் பட்டைகளின் பின்முனை வெண்கலக் குடைவுக்குள் வழுக்கி ஓடுகிற மாதிரி இருந்தது, டி.சி.யில் அதை எடுத்துவிட்டு ஷேக்கிள் என்கிற சாதாரண தொங்கு இணைப்பை வைத்துவிட்டார்கள். கதவுப் பக்கம் உடம்பும் டி.சி.யைவிட 4 அங்குலம் ஒடுக்கம்.

எண் ஒன்று பொய் சொல்லலாம், இத்தனையும் சேர்ந்து பொய் சொல்லாது. வண்டி போருக்கு முந்தியதுதான்.

அப்படியென்றால் ஆர்.சி.யில் உள்ள வருடம்? அது வண்டி இங்கே முதன்முதலில் பதிவான வருடம். எழுதியவர் அதையே தயாரிப்பு ஆண்டுக் கட்டத்திலும் எழுதிவிட்டார். வேறு நாட்டிலிருந்து பழசாக வந்த வண்டிக்கு எந்த வருடம் போடுவது என்று அவரிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

யார் யார் கை மாறியது

டாஷ்போர்டின் கீழ் ஓரத்தில், கரிக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவு ஒரு பித்தளைத் தகடு. விற்பனையாளர் வைக்கிற தகடு. பெயர் தேய்ந்துவிட்டது, கடைசியில் ஊர்ப்பெயர் மட்டும் பிழைத்திருந்தது: கொழும்பு.

அதைப் பார்த்ததும் உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார், அவருடைய தாத்தா சிலோனில் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர் என்று. ஊருக்குத் திரும்பியபோது துரை ஒருவருடைய வண்டியை வாங்கி வந்தார் என்பது வீட்டில் அரைகுறையாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் மகாராஜா கதை கம்பீரமாக இருந்ததால் தாத்தா கதையை யாரும் சீந்தவில்லை.

மகாராஜா கதை எங்கே முளைத்தது என்பதையும் கண்டுபிடித்தோம். ஆர்.சி. புத்தகத்தின் அட்டையில் சங்கு முத்திரை. திருவிதாங்கூர் அரசின் சின்னம் அது. 1949 ஜூலை 1-ல் கொச்சியோடு இணைகிற வரை இங்கே கரம் கட்டின ரசீதிலும் சங்குதான், பள்ளிக்கூடச் சான்றிதழிலும் சங்குதான். ஐம்பது வருடம் கழித்து டிரங்குப் பெட்டியைத் திறந்த தலைமுறைக்குச் சங்கைக் கண்டதும் அரண்மனை ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே முதல் உரிமையாளர் என்று தாத்தா பெயரே இருக்கிறது. அட்டையைப் பார்த்தவர்கள் உள்ளே புரட்டவில்லை.

தாத்தாவுக்குப் பிறகு மூன்று பெயர்மாற்றங்கள். முதலாவது குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவருக்கு. அவர் கையில் இருந்தபோதுதான் 1956 நவம்பர் 1 வருகிறது. வண்டி ஷெட்டை விட்டு நகராமலே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மதராஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் அதற்கான குறிப்பு வேறு மையில், வேறு கையெழுத்தில் இருக்கிறது. எல்லைப் போராட்டத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், அது ஒரு காருடைய புத்தகத்தில் ஒன்றரை வரியாக முடிந்துபோவதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாவதாக வாங்கியவர் சினிமா விளம்பர வேலை செய்தவர். இதற்குச் சாட்சி காகிதத்தில் இல்லை, தகட்டில் இருக்கிறது. காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இரு பக்கமும் இரண்டிரண்டு துளைகள். ஆலையில் போட்ட துளை இவ்வளவு கோணலாக இருக்காது. ஊரில் வயதானவர்களிடம் கேட்டபோது, "குழாய் கட்டி நோட்டீஸ் எறிஞ்சிட்டு வரும்லா, அந்த வண்டியா?" என்றார்கள். நோட்டீசுக்குப் பின்னால் ஓடிய பையன்கள்தான் இப்போது எழுபதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடித்த துளைகள் அவை.

மூன்றாவது பெயர் உரிமையாளரின் அப்பா. அப்பன் விற்றதை மகன் திரும்ப வாங்கியிருக்கிறார். ஓட்டிப் பார்த்தாரா என்று தெரியாத அளவுக்குச் சீக்கிரம் அது புகைப்புரைக்குப் போய்விட்டது.

மரம்

இந்த மாதிரி வண்டியின் உடம்பு தகடு என்று நினைக்கிறோம். தகடு வெறும் தோல், எலும்பு மரம். ஆஷ் என்கிற இங்கிலாந்து மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் இரும்புத் தகட்டை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். ஓடும்போது சேஸிஸ் முறுகும், ஆஷ் அதற்குத் தக்கபடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஆஷ் நம் பக்கம் கிடையாது. வரவழைக்கலாம்தான். நாங்கள் குளச்சல் பக்கம் போட் கட்டுகிற ஆசாரி ஒருவரிடம் போனோம். உதிர்ந்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கி, எடை பார்த்து, முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "தேக்கு வேண்டாம் மக்கா. அதில எண்ணெய் உண்டு, பசை நிக்காது. அயனி போடுவோம். உப்புத் தண்ணியில கெடக்கிய மரம், உனக்க மழைக்கா போவுது?"

சரி என்று, பலா இனத்து மரமான அயனியே முடிவானது. ஆனால் சக்கரத்துக்கு மேலே வருகிற வளைவுச் சட்டத்தை எப்படி வளைப்பது என்று எனக்குக் கவலை. ஆவியில் வேகவைத்து வளைக்கலாம் என்று நான் குழாயும் அடுப்புமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசாரி மரக்கடையில் போய் இரண்டு மணி நேரம் கட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளை பிரிகிற இடத்தில் தானாகவே வளைந்து வளர்ந்த ஒரு கட்டையை எடுத்தார். அச்சு அட்டையை அதன்மேல் வைத்தால் நரம்பு வளைவோடு வளைவாக ஓடியது. படகின் விலாக்கட்டைக்கு இப்படித்தான் எடுப்பார்களாம். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நரம்பு குறுக்கே வெட்டுப்படும், ஒரு பள்ளத்தில் விழுந்தால் அங்கேயே விண்டுவிடும். என் குழாயும் அடுப்பும் இன்னும் பட்டறை மூலையில் கிடக்கின்றன.

முன்பாதியில் நல்லதாக இருந்த ஆஷ் சட்டம் எதையும் எடுக்கவில்லை. பழசும் புதுசும் அரைக்கு அரை பொருத்து வெட்டி இணைத்தோம். புதிதாக வைத்த ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் ‘அயனி’ என்றும் வருடத்தையும் சூட்டுக்கோலால் எழுதியிருக்கிறோம். பழைய கார் போட்டியில் நடுவராக வருகிறவர்கள் ஆஷ் இல்லையே என்று மார்க்கைக் குறைக்கலாம், குறைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு இதைப் பிரிக்கிறவன் ஏமாறக்கூடாது.

எஞ்சின், அல்லது ஒரு போல்ட்டின் கதை

இப்போது அந்தப் பட்டறை செய்த வினைக்கு வருகிறேன். சம்பில் ஆறு துளைகளின் மரை போயிருந்தது. நடந்தது இதுதான். இந்த எஞ்சினின் போல்ட் தலைக்கு விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பேனர்தான் பொருந்தும். தலையைப் பார்க்கிற எவரும் மரையும் இங்கிலீஷ் மரை என்றுதான் நினைப்பார். ஆனால் மரை மில்லிமீட்டர் கணக்கு. காரணம் பிரான்சில் இருக்கிறது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் ஒரு ஆலை போட்டது. 1923-ல் எம்.ஜி.யின் தாய்க் கம்பெனிக்காரரான மோரிஸ் அதை வாங்கியபோது பிரெஞ்சு மரை வெட்டும் எந்திரங்களும் சேர்ந்தே வந்தன. எந்திரத்தை மாற்றச் செலவு. ஊர் மெக்கானிக்குகளின் ஸ்பேனர்களும் ஒத்துப்போக வேண்டும். அதனால் மரை பிரெஞ்சு, தலை இங்கிலீஷ் என்று ஒரு கலப்புக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம். இன்று கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1.25. இதில் உள்ளது 1. கடைப் போல்ட் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். "டைட்டா இருக்கு" என்று நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் உள்மரை சீவி வந்துவிடும். ஆறு துளையிலும் அதைத்தான் செய்திருந்தார்கள். துளைகளைப் பெரிதாக்கி, வெளியே ஒரு மரை, உள்ளே 8-க்கு 1 மரை என்று புஷ் எனும் சிறு குழல்களைக் கடைந்து இறக்கினேன். புதுப் போல்ட்டுகளையும் விட்வொர்த் தலையோடு நானே கடைந்தேன்.

பேரிங் இன்னொரு கலை. கனெக்டிங் ராடின் உட்புறத்திலேயே ஒயிட் மெட்டல் உருக்கி ஊற்றியிருப்பார்கள். கழற்றி மாற்றுகிற ஷெல் கிடையாது. பழைய ரைஸ்மில் ஆயில் எஞ்சின்களுக்கு இதைச் செய்து பழகிய ஒரு பெரியவர் நாகர்கோவில் பக்கம் இருந்தார். ராடைச் சூடாக்கி, முதலில் வெள்ளீயம் பூசி, பிறகு வெள்ளீயமும் ஆண்டிமனியும் செம்பும் கலந்த அந்த உலோகத்தை ஒரே மூச்சில் ஊற்றினார். சூட்டுமானி எதுவும் இல்லை. காய்ந்த குச்சி ஒன்றை உருக்கில் முக்கி எடுத்தார். குச்சி வெளுப்பாக வந்தால் இன்னும் சூடாகணும், கரிந்தால் கூடிப்போச்சு, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தால் ஊற்றலாம். ஊற்றியதை நான் லேத்தில் பிடித்துக் கடைந்து, மேடான இடம் தெரிய நீலம் தடவி, சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தேன்.

தக்கை கிளட்ச் எங்களை ஒரு மாதம் அலைய வைத்தது. புதுத் தக்கைகளை எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் பொருத்தினோம். இருந்தும் மேட்டில் வழுக்கியது. தப்பு எண்ணெயில் இருந்தது. இப்போதைய கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கிறது. எஞ்சினுக்கு நல்லது, எண்ணெயில் ஊறுகிற கிளட்சுக்கு எமன். பைக்குக்கும் எண்ணெயில் ஊறுகிற கிளட்ச்தானே என்று பைக் எண்ணெய்க்கு மாறினோம். வழுக்கல் நின்றது.

கார்ப்ரேட்டர் சுலபம். எஸ்.யு. கம்பெனி ஜோடி, அம்பாசிடரில் கை வைத்த எந்த மெக்கானிக்குக்கும் அதன் ஊசியும் பிஸ்டனும் தெரியும். ஆனால் பெட்ரோல் இன்று பழைய பெட்ரோல் இல்லை, எத்தனால் கலந்தது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரை ஊதவைக்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா? ஓஸ்களை மாற்றினோம். ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வயரிங், சீட் தோல், ஹூட் துணி எல்லாம் வழக்கமான வேலை, சொல்ல ஒன்றும் இல்லை. டயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கழற்றும்போது நாலு சக்கரத்திலும் புல்லட் டயர் இருந்தது. இந்த வண்டிக்கும் 19 அங்குல ரிம், பழைய புல்லட்டுக்கும் 19 அங்குலம். நோட்டீஸ் எறிந்த காலத்தில் வேறு வழி இருந்திருக்காது. மூளையை மெச்சினேன், டயரைக் கழற்றிவிட்டேன். பைக் டயர் சாய்ந்து திரும்புவதற்குச் செய்தது, காரின் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது.

நிறம்

உரிமையாளருக்குச் சிவப்பு ஆசை. படத்தில் பார்த்த எம்.ஜி.யெல்லாம் சிவப்பு. மேலே இருந்தது கல்யாண ஊர்வலத்துச் சில்வர். கதவுக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தைத் தண்ணீர்த் தாளால் வட்டமாகத் தேய்த்தேன். மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொன்றாகத் தெரிந்தது: சில்வர், சிவப்பு, கருப்பு, கருப்புக்கு அடியில் பச்சை, அதற்குக் கீழே பிரைமரும் தகடும். எண்பது தாண்டிய அவருடைய அத்தை, அதற்கு முந்திய வாரமே, யாரும் கேட்காமல், "அப்பாவுக்க வண்டி வாழைக்குருத்துப் பச்சையில்லியா" என்றிருந்தார். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

பச்சை அடித்தோம். தேய்த்த வட்டத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம். ஒலிபெருக்கித் துளைகளையும் அடைக்கவில்லை, ரப்பர் மூடி மட்டும் போட்டிருக்கிறது. அடைக்கச் சொல்லி நிறைய பேர் சொன்னார்கள். ஆலையில் அது இருந்ததில்லைதான். ஆனால் ஊர் இந்த வண்டியை அறிந்ததே அந்தத் துளையால்.

பதிவு

பழைய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிதாகப் பதிகிற வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ வரும். ஏற்கனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக என்று ஓட்டலாம்.

எங்களிடம் சங்கு போட்ட புத்தகம் இருந்ததால் பழைய எண்ணுக்கே விண்ணப்பித்திருக்கிறோம். தயாரிப்பு ஆண்டைத் திருத்தக் கேட்டு, சேஸிஸ் பிரிண்ட், எஞ்சின் வில்லையின் படம், கொழும்புத் தகட்டின் படம் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். வருடம் திருந்தி வருகிறதோ இல்லையோ, இந்த மூன்றும் இனி கோப்பில் இருக்கும்.

போன மாதம் அத்தையை வண்டியில் ஏற்றினோம். இதில் கதவு பின்பக்கம் கீல் வைத்தது, சாதாரணக் காருக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். எப்படி ஏறுவது என்று நான் சொல்லப்போனேன். அவர் முதுகை முதலில் கொடுத்து உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். உட்கார்ந்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய், ஒரு கோழி குறுக்கே வந்ததால் ஹாரன் அடித்தேன். அத்தை என் பக்கம் திரும்பி, "இது இதுக்க சத்தம் இல்ல பிள்ளே" என்றார்.

அது அம்பாசிடர் ஹாரன். லூகாஸ் கம்பெனி ஹாரன் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.